சோய் முனையில் தொடங்குங்கள்: பாங்காக்கில் புதிதாகக் குடியேறியவருக்குத் தெருப்பட வழிகாட்டி

வேலை மாற்றலில் பாங்காக் வந்து இறங்கும் நம்மவர்கள் பலர் முதல் மாதத்திலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வாட் அருண், அரண்மனை, சத்துசக் சந்தை, யாவரத் சாலையின் சீன எழுத்துப் பலகைகள். இரண்டு மாதத்தில் பட்டியல் தீர்ந்துவிடும், கேமரா அலமாரிக்குள் போய்விடும். மூன்று நாள் சுற்றுலா வந்தவர் எடுத்த அதே படங்கள்தான் கையில் மிஞ்சும். இங்கேயே குடியிருப்பவருக்கு ஒரே ஒரு அனுகூலம் உண்டு: இன்று நின்ற இடத்தில் நாளைக்கும் போய் நிற்கலாம். கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான். போனில் எடுப்பவருக்கும் பொருந்தும்.

முதலில் சோய், அப்புறம் வீடு

பெரிய சாலைகளிலிருந்து பிரியும் சந்துகளுக்குச் சோய் என்று பெயர். ஒற்றைப்படை எண்கள் சாலையின் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் எதிர்ப்பக்கம். சோய் பெரிய சாலையோடு சேரும் இடம் 'பாக் சோய்', அதாவது சோய் முனை. ஊரின் அன்றாட வாழ்க்கை அங்கேதான் கூடி நிற்கிறது. ஆரஞ்சு நிற அங்கி போட்ட மோட்டார் பைக் டாக்சிக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சவாரிக்குக் காத்திருப்பார்கள். கரி அடுப்பில் பன்றி இறைச்சிக் குச்சி வாட்டும் அம்மா, மரப்பெட்டியைத் திறந்து லாட்டரிச் சீட்டு விற்பவர், நடைபாதையில் மெஷின் போட்டு பேன்ட் விளிம்பு மடித்துத் தைப்பவர், ஒரு செவன் இலெவன், சிவப்பு ஃபாண்டா பாட்டிலில் ஸ்ட்ரா செருகிப் படைத்திருக்கும் குட்டி ஆவி வீடு (இடத்தைக் காக்கும் ஆவிக்கான மாடம்). உங்கள் முதல் ஆறு மாதப் படங்கள் இந்த இருபதடிக்குள் கிடைக்கும்.

அதனால் வீடு பார்க்கும்போதே சோய் முனையைப் பாருங்கள். அசோக், தோங்லோ பக்கத்துப் பெரிய காண்டோக்களில் (வீடுகள் தனித்தனி உரிமையாளர்களுக்குச் சொந்தமான அடுக்ககங்கள்) நீச்சல் குளம் நன்றாக இருக்கும். கீழே இறங்கினால் கார் நிறுத்துமிடமும் காபிக் கடையும்தான். ஒன்னுட், ப்ரகனோங், சபான் க்வாய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வோங்வியன் யாய் போன்ற பகுதிகளில் வாடகையும் குறைவு, சந்தையும் பக்கத்தில். முன்பணம் கொடுப்பதற்கு முன் காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை அந்த முனையில் போய் நில்லுங்கள். இரண்டு வேளையும் ஆள் நடமாட்டம் இருந்தால் அந்தச் சோய் போதும்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை சில. இரண்டு மாத வாடகை டெபாசிட், ஒரு மாத வாடகை முன்பணம் என்பது இங்கே வழக்கம். மின்சாரத்துக்கு யூனிட் விலை என்ன என்று கேளுங்கள். காண்டோவில் பெரும்பாலும் மின்வாரியக் கட்டணமே வரும், கட்டடம் முழுக்க ஒருவருக்கே சொந்தமான அபார்ட்மென்ட்களில் உரிமையாளர் தன் கணக்குக்கு விலை ஏற்றி வைத்திருப்பார். இருபத்துநாலு மணி நேரமும் ஏசி ஓடும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. அறைக்குள் நுழைந்த அன்றே சுவர், தரை, மெத்தை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் திரும்பி வரும் நாளில் இந்தப் படங்களுக்குத்தான் மதிப்பு அதிகம்.

காகித வேலை

வெளிநாட்டவர் தங்கியிருப்பதை வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். டிஎம் 30 என்பார்கள். அவர் செய்தாரா என்று கேட்டு ரசீதை வாங்கி வையுங்கள். விசா நீட்டிப்பு சமயத்தில் அது இல்லாமல் அலைய வேண்டியிருக்கும். தொடர்ந்து நாட்டுக்குள் இருந்தால் 90 நாளுக்கு ஒரு முறை முகவரி அறிக்கை தர வேண்டும். கெடு தேதிக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம் உண்டு.

ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கும் ஆசை உள்ளவர்கள் மாட்டிக்கொள்வது இன்னொன்றில். நீட்டித்த விசாவோடு இருப்பவர் மறு நுழைவு அனுமதி வாங்காமல் பினாங்குக்கோ புனோம் பென்னுக்கோ வார இறுதி போய்வந்தால், அந்த விசா அத்தோடு முடிந்துபோகும். ஒரு தடவைக்கான அனுமதி 1,000 பாட், பல தடவைக்கு 3,800 பாட். பல தடவை அனுமதியாகவே வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று கேமராப் பையிலேயே இருக்கட்டும்.

கருவி: சின்னதாக, ஒன்றே ஒன்று

பெரிய கேமராவும் நீள லென்ஸும் இங்கே இரண்டு தொல்லை தரும்: எதிரில் இருப்பவர் விறைத்துப்போவார், உங்களுக்குத் தோள் வலிக்கும். 28 மி.மீ. அல்லது 35 மி.மீ. அளவில் ஒரே ஒரு லென்ஸ் போதும். போனின் பிரதான லென்ஸும் ஏறக்குறைய இந்த அகலம்தான், ஆகவே தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. வாங்கியே ஆக வேண்டும் என்றால் எம்பிகே வணிக வளாகத்தில் பழைய கேமராக் கடைகள் நிறைய இருக்கின்றன. பேரம் பேசலாம்; லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்காமல் மட்டும் காசைக் கொடுக்காதீர்கள்.

பூஞ்சைதான் இந்த ஊரில் கேமராவின் முதல் எதிரி. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் போட்டு, முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த எதிரி ஏசி. குளிர்ந்த அறையிலிருந்து நேராகத் தெருவுக்கு வந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும், பத்து நிமிடம் எதுவும் தெரியாது. துடைக்கத் துடைக்க மறுபடி படியும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே பையை மூடியபடி பால்கனியில் வைத்துவிடுங்கள்.

அமைப்புகளை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். முழு ஃபிரேம் கேமராவில் 28 மி.மீ. லென்ஸின் துவார அளவை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை இரண்டரை மீட்டரில் நிறுத்தினால், சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டர் வேகம் விநாடியில் 500-இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ. இனி ஃபோகஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஆளை மட்டும் பார்க்கலாம். போனில் எடுப்பவர்கள் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். இந்த ஊர் வெயிலில் வெள்ளை நிறம் சீக்கிரம் வெளுத்துப்போகும்.

வெளிச்சத்தின் நேர அட்டவணை

பாங்காக் கிட்டத்தட்ட சென்னையின் அட்சரேகையில்தான் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நண்பகலில் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். முகம் எடுக்க அது ஆகாத நேரம். காலை ஆறரை முதல் எட்டரை வரை, மாலை நாலரை முதல் இருட்டும் வரை உங்களுடையது. வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட வசதியான கணக்கு வேண்டாம்.

நண்பகலில்தான் நேரம் கிடைக்கிறதா? சரி, பிடிஎஸ் ரயில் பாதைக்கு அடியில் போய் நில்லுங்கள். 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கிய இந்த மேம்பால ரயில், சுகும்வித், சிலோம் சாலைகளின் பல பகுதிகளுக்குக் கான்கிரீட் கூரை போட்டுவிட்டது. சாலை இருட்டிக் கிடக்கும். பாலத்தின் இடைவெளி வழியே கத்தி மாதிரி ஒரு வெயில் கீற்று விழும். அந்தக் கீற்றுக்கு வெளிச்சத்தை அளந்து பூட்டிவிட்டுக் காத்திருங்கள். ரோஸ் நிற டாக்சி, குடை பிடித்த அலுவலகப் பெண், ஐஸ் மூட்டை தள்ளுபவர் என்று ஒவ்வொருவராகத் தாங்களே உள்ளே வந்து விழுவார்கள்.

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழைக்காலம். பெரும்பாலும் சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். அலுவலகம் விட்டவர்கள் ரயில் நிலையப் படிக்கட்டுக்கு அடியில் ஒண்டி நிற்பார்கள், தரை முழுக்கக் கடை விளக்குகள் கரைந்து கிடக்கும். என்னைக் கேட்டால் இந்த ஊருக்கு ஏற்ற பருவம் இதுதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உடம்புக்குச் சுகம். ஆனால் டிசம்பர் தாண்டினால் புகை மூட்டம் சேர்ந்துகொள்ளும். காற்றின் தரத்தைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் என்95 முகக்கவசத்தோடு போங்கள்.

உங்கள் முனையில் முதல் வாரம்

முதல் சில நாள் கேமரா கழுத்தில் தொங்கட்டும், கண்ணுக்கு ஏற வேண்டாம். இறைச்சிக் குச்சி வாங்குங்கள், சோயா பால் வாங்குங்கள். சைவம் என்றால் 'ஜே' என்று சொல்லுங்கள், மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து இருக்கும் கடையைக் கைகாட்டுவார்கள். தாய்லாந்து வங்கிக் கணக்கு வரும் வரை க்யூஆர் செலுத்துதல் பெரும்பாலும் கைகொடுக்காது, அதனால் இருபது பாட் நோட்டுகள் சட்டைப்பையில் இருக்கட்டும். ஆயிரம் பாட் நோட்டை நீட்டிக் காலை வியாபாரத்தைக் கெடுத்தவர் படம் எடுக்கக் கேட்டால் என்ன பதில் வரும் என்று நினைக்கிறீர்கள்?

நம் ஊர்போல இங்கேயும் முன்பின் தெரியாதவரை உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் மூத்தவர் ஆணோ பெண்ணோ 'பீ', இளையவர் 'நோங்', அம்மா வயதுக்காரர் 'பா', மாமா வயதுக்காரர் 'லுங்'. நமக்கு இது நாக்கில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். 'தாய் ரூப் டாய் மை' என்றால் படம் எடுக்கலாமா என்று அர்த்தம். பேசுபவர் ஆண் என்றால் முடிவில் 'க்ராப்', பெண் என்றால் 'கா' சேர்க்க வேண்டும். உச்சரிப்பு கோணலாக இருந்தாலும் கேமராவைச் சுட்டிக் காட்டிக் கேட்டால் புரிந்துவிடும்.

கேட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்று ஒரு கட்சி உண்டு. குடியிருப்பவருக்கு அந்தக் கவலை அனாவசியம். கேட்டதும் இரண்டு விரலைக் காட்டி ஒரு போஸ் கொடுப்பார்கள். அதை மரியாதையாக எடுங்கள், திரையில் காட்டுங்கள், அப்புறம் அங்கேயே நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் அடுத்த வாடிக்கையாளர் வந்துவிடுவார், கடைக்காரரும் உங்களை மறந்து வேலையில் இறங்கிவிடுவார். நீங்கள் தேடிய படம் அப்போதுதான் வரும்.

சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே சங்கடத்துக்கும் சிரிப்பார்கள், மறுப்பதற்கும் சிரிப்பார்கள். முகம் திரும்பினால், கை லேசாக ஆடினால், தலையைத் தாழ்த்தி 'கோ தோட் க்ராப்' என்று மன்னிப்புக் கேட்டு நகர்ந்துவிடுங்கள். அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழித்துக் காட்டுங்கள். நாளைக்கும் அவர் கடையைத் தாண்டித்தான் நீங்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

திங்கட்கிழமை பல தெருக்கடைகள் இருக்காது, நடைபாதை வெறிச்சோடிக் கிடக்கும். அன்று துணி துவைத்துக்கொள்ளலாம்.

முனையைத் தாண்டி

சேன் சேப் கால்வாய்ப் படகு. தங்க மலைக் கோயிலுக்குப் பக்கத்துப் பான்ஃபா துறையில் ஏறினால் நகரைக் குறுக்கே பிளந்து கிழக்கே கொண்டுபோகும். நடுவில் ப்ரதுநாமில் படகு மாற வேண்டும். அலுவலகம் போகிறவர்களின் படகு இது. கட்டணம் வசூலிப்பவர்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு படகின் வெளி விளிம்பில் நடந்தே வருவார்கள். தாழ்ந்த பாலம் வந்தால் கூரையே கீழே இறங்கும். எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் திரையை உயர்த்துவார், இல்லாவிட்டால் கால்வாய்த் தண்ணீர் எல்லோர் மேலும் அடிக்கும். ஓரத்தில் உட்கார்ந்தால் அந்தக் கயிறு உங்கள் பொறுப்பு. படம் எடுக்கும் மும்முரத்தில் அதை விட்டுவிடாதீர்கள். கரையோரக் குடும்பங்கள் படகுக்குச் சில அடி தூரத்தில்தான் சமைக்கின்றன, துணி காயப்போடுகின்றன. பிரமாதமான காட்சிதான், ஆனால் வீட்டுக்குள் லென்ஸை நீட்டாதீர்கள்.

வோங்வியன் யாய் ரயில் நிலையம். இதே பெயரில் பிடிஎஸ் நிலையமும் உண்டு, அங்கிருந்து நடந்தே போகலாம். சந்தைக்கு நடுவே ஒரு நடைமேடை, பக்கத்திலேயே நூடுல்ஸ் கடை. ஒற்றைத் தண்டவாளத்தில் டீசல் ரயில் வந்து நிற்கும். சுற்றுலாக் கூட்டம் மேக்லோங் சந்தையில் ரயில் வரும்போது கடைக் குடைகள் மடங்குவதைப் பார்க்கப் போகிறது. அதே பாதையின் முதல் துண்டு இது, இங்கே ஏறுபவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான். சுமார் ஒரு மணி நேரத்தில் மஹாசாய் மீன் சந்தைக்குப் போய்விடலாம்.

பாக் க்லோங் தலாத் பூச்சந்தைக்கு நள்ளிரவிலிருந்து விடிகாலைக்குள் போங்கள். சாமந்தி மூட்டைகள், ஐஸோடு ஆர்க்கிட், மல்லிகை கோக்கும் பாட்டிகள். இங்கே ஊசியில் கோக்கிறார்கள், நார் இல்லை. சுமையோடு ஓடி வருபவர்களின் வழியை மட்டும் மறிக்காதீர்கள்.

பம்ருங் முவாங் சாலையில் ஆளுயரப் பொன்னிறப் புத்தர்கள் பிளாஸ்டிக் உறை போர்த்தி நடைபாதையில் நிற்பார்கள். பக்கத்தில் சிவப்பு மரத்தூண்களாக நிற்கும் பெரிய ஊஞ்சல், திருவெம்பாவை, திருப்பாவை ஆகிய பெயர்களின் சாயலோடு இன்றும் நடக்கும் த்ரியம்பவாய்-த்ரிபவாய்ச் சடங்கில் ஒரு காலத்தில் ஆடியது. 1935-இல் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள்.

சிலோமில் பான் சாலை முனையில் இருக்கும் மாரியம்மன் கோயில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பியது. இன்று வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. தமிழ் தெரியும் என்பதற்காகச் சலுகை கேட்க வேண்டாம். வெளியே மாலைக் கடைகள் போதும். நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் சிலோம் சாலைக்கு வரும்போது போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். மாலையிலேயே போய் இடம் பிடியுங்கள். பசித்தால் அந்த வட்டாரத்தில் இட்லி, தோசை கிடைக்கும்.

சீனர் வட்டாரங்களான தலாத் நோய், யாவரத் இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் அங்கே இப்போது கேமராக்காரர்களைத் தவிர்த்துப் படம் எடுப்பதே பெரிய வேலை.

லும்பினி பூங்காவில் உடும்புகள் உலாவும், சாயங்காலம் கூட்டமாக ஏரோபிக்ஸ் ஆடுவார்கள். ஆறு மணிக்கு தேசிய கீதம் ஒலித்ததும் ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அப்படியே நிற்பார்கள். நீங்களும் நிற்க வேண்டும். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரயில் நிலையங்களிலும் இதே வழக்கம்தான்.

கை வைக்கக் கூடாதவை

அரச குடும்பம் முதலாவது. குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை சொல்கிறது. சாலையெங்கும் அரசரின் பெரிய படங்கள் இருக்கும். அதற்கு அடியில் தூங்குபவர், குப்பைத்தொட்டி, நாய் என்று வேடிக்கையான பொருத்தம் கண்ணில் பட்டால் கேமராவை இறக்கிவிடுங்கள். எடுத்து வைத்துக்கொள்ளவும் வேண்டாம், வெளியிடவும் வேண்டாம்.

காலையில் பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தோடு வரும்போது சாலையின் எதிர்ப்பக்கம் நில்லுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், வழியில் குறுக்கிடாதீர்கள். பெண்கள் அவர்கள் மேல் பட்டுவிடாமல் விலகி நிற்க வேண்டும். பாட்பொங், நானா, சோய் கவ்பாய் போன்ற இரவு விடுதித் தெருக்களில் வாசலில் நிற்கும் பெண்களை எடுத்தால் வாயில்காவலர்கள் வாயால் மட்டும் பேச மாட்டார்கள். குழந்தைகளை எடுக்க வேண்டுமானால் கூட இருக்கும் பெரியவரைக் கேளுங்கள். க்லோங் தோய் குடிசைப் பகுதிக்குள் வறுமையைத் தேடிக்கொண்டு போவது எனக்கு உடன்பாடில்லை. அதன் சந்தையில் காய்கறி வாங்கப் போங்கள், நாலு தடவை போனபின் எடுக்கலாம். ட்ரோன் பறக்கவிட இரண்டு அரசு அமைப்புகளில் பதிவும் காப்பீடும் வேண்டும்; தெருப் படத்துக்கு அது அவசியமே இல்லை. முக்காலியை விரித்தால் எங்கிருந்தாவது ஒரு காவலாளி வந்துவிடுவார், அதையும் வீட்டில் வைத்துவிடுங்கள்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்துப் புத்தாண்டான சோங்க்ரான். தண்ணீரும் வெள்ளை மாவும் எல்லோர் மேலும் விழும், கேமரா வைத்திருப்பவர் என்ற தயவு கிடையாது. நீர்புகாத உறையில் போன் மட்டும் எடுத்துப் போங்கள்.

எடுத்த பிறகு

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 ஜூன் 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சொந்த விருப்பத்துக்காக, பணம் பார்க்காமல் தெருவில் எடுப்பதை அது தடுக்கவில்லை. ஆனால் ஒருவரைக் கேலிப்பொருளாக்கும் படத்தை வெளியிட்டால் அவதூறு வழக்கு வரலாம், இங்கே அவதூறு கிரிமினல் குற்றம். தூங்கி வழிபவர், குடித்து விழுந்தவர் படங்களை வெளியிடாமல் விடுவதே நல்லது.

தாய்லாந்துக்காரர்கள் எடுக்கும் தெருப் படங்களைக் கட்டாயம் பாருங்கள். தவெபொங் ப்ரதூம்வோங் போன்றவர்களின் படங்களில் இந்த ஊரின் குறும்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். நேஷனல் ஸ்டேடியம் நிலையத்தை ஒட்டிய பாங்காக் கலை பண்பாட்டு மையத்தில் புகைப்படக் கண்காட்சிகளும் நடக்கும், பொது நுழைவு இலவசம்.

மாதத்துக்கு ஒரு முறை சோய் முனைக்காரர்களின் படங்களை அச்சுப் போட்டுக் கையில் கொடுங்கள். சின்ன அளவுக்குச் செலவு அதிகம் ஆகாது. போஸ் கொடுத்த படத்தைத்தான் அவர்கள் விரும்புவார்கள், நீங்கள் பெருமைப்படும் படத்தை இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

நாலு பேர் படத்தைப் பார்த்துவிட்டால் வேலை தேடி வரும். தெரிந்தவரின் உணவகத்துக்கு மெனு படம், யாரோ ஒருவரின் திருமண வரவேற்பு. வேலை அனுமதியில் எந்த நிறுவனம், என்ன பணி என்று எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் அது செல்லும். காசு வாங்கிப் படம் எடுத்தால் விதிமீறல். காசு வாங்காவிட்டாலும் வேலையாகக் கருதப்பட வாய்ப்புண்டு. நெடுநாள் தங்கும் விசாவில் வந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவர்களும் உள்ளூர் வாடிக்கையாளரிடம் காசு வாங்கக் கூடாது. ஒப்புக்கொள்வதற்கு முன் உங்கள் அலுவலக மனிதவளப் பிரிவிடமோ, விசா விஷயம் தெரிந்த வழக்கறிஞரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.